மணிக்குப் பழகிய குட்டி

வீடே இல்லாதவள் நாய்க்குட்டிக்கு வீட்டுப் பழக்கம் கற்றுக்கொடுக்கக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, நம் பிரைடியைப் பாருங்கள் என்று சமையற்காரி வெர்னா எல்லார் முன்னாலும் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆட்டுக்கறிக் குழம்பை அகப்பையால் ஊற்றியபடி, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. ஆனாலும் அது பிரைடிக்கு முள்ளாகத் தைத்தது, ஏனென்றால் அது உண்மை.

பிரைடிக்கு இருபத்துநாலு வயது. ஐந்து வருடமாகக் கிளைவின் கம்பளி வெட்டும் குழுவோடு பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருந்தாள். இங்கே இரண்டு வாரம், அங்கே பத்து நாள். எந்தப் பண்ணையில் ஆட்கள் தங்கும் குவார்ட்டர்ஸில் எந்த இரும்புக் கட்டில் கிடைக்கிறதோ அதுதான் அவளுக்கு அந்த மாதத்து வீடு. அவளுடைய சொத்தெல்லாம் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் அடங்கிவிடும், மேலே ஒரு தார்ப்பாயும் போட்டுவிடலாம். ஆட்டின் உடம்பிலிருந்து உரிந்து விழும் கம்பளியை வெட்டுகிறவன் கால் மிதிப்பதற்குள் வாரி எடுத்து, மேசைமேல் விரித்து வீசி, தரையைப் பெருக்கி வைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. ஆறு பேர் வெட்டினால் ஆறு பேருக்கும் ஓட வேண்டும். ஓடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. நின்றால்தான் என்னவோ போல இருக்கும்.

இந்த ஓட்டத்தின் நடுவில் டிப் வந்து சேர்ந்தது. கெல்பி என்ற ஆடு மேய்க்கும் நாயினத்துப் பெட்டைக் குட்டி, மூன்றரை மாதம், செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும். முந்தின பண்ணையில் ஒரு ஈற்றின் கடைசிக் குட்டி. சும்மா கொஞ்சம் பிடித்துக்கொள் என்று பண்ணைக்காரர் கையில் கொடுத்தார். பிரைடி திருப்பிக் கொடுக்கவில்லை.

வழக்கமாக, குழுவில் நாய் வைத்திருப்பவர்கள் அதை வெளியே மரத்தடியில் கட்டிப்போடுவார்கள். ஆனால் இந்தக் கெம்பின் பண்ணையில் ஆடுகள் ஈனும் காலம். குட்டிகளைத் தூக்க வரும் நரிகளுக்காகக் கெம்ப் சுற்றுவட்டாரமெங்கும் விஷம் வைத்த இறைச்சித் துண்டுகளைப் போட்டிருந்தார். காக்கை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டாலும் போடும். கண்டதையும் விழுங்குகிற வயசுக் குட்டியை வெளியே விட முடியாது. அதனால்தான் அவளுடைய அறையில் கம்பிக் கூண்டு வைத்து அதற்குள் குட்டியை வைத்துக்கொள்ளக் கிளைவ் சம்மதித்தார். அதுவும் நிபந்தனையோடு.

"இது கெம்போட குவார்ட்டர்ஸ், நம்ம வீடு இல்ல. உள்ள அசிங்கம் பண்ணினா ஒவ்வொரு தடவைக்கும் பசங்களுக்கு ஒரு பெட்டி பீர் நீ வாங்கித் தரணும், அது எப்பவும் உள்ள வழக்கம். மூணாவது தடவைன்னா பெட்டியெல்லாம் வேணாம். குட்டிய கெம்ப்கிட்ட குடுத்துரு."

கெம்ப் கெட்ட மனுஷர் இல்லை. புருவத்தை அசைத்தே நான்கு நாய்களை வேலை வாங்குகிறவர். வந்த அன்றே டிப்பின் காலைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, நல்ல குட்டி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரிடம் போனால் டிப் நன்றாகவே இருக்கும். பிரைடியைத் தின்றது அந்த நினைப்புதான். குட்டிக்கு அவள் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அவளுக்குத்தான் குட்டி வேண்டும்.

முதல் வாரம் எல்லாம் அழகாக நடந்தது. கம்பளிக் கொட்டகையின் நாள் மணியால் வெட்டப்பட்டது. ஏழரைக்கு மணி, ஒன்பதரைக்கு மணி, அரை மணி நேரம் டீ. பத்துக்கு மணி, பன்னிரண்டுக்கு மணி, சாப்பாடு. ஒன்றுக்கு, மூன்றுக்கு, திரும்பவும் டீ, மூன்றரைக்கு, ஐந்தரைக்கு. நாலு வேளை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஒரு சின்னக் குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்று யோசித்தபோது, யாரோ தனக்காகவே இந்த நேரத்தை நூறு வருடத்துக்கு முன்னால் வகுத்து வைத்ததுபோல பிரைடிக்குத் தோன்றியது. ஏழு மணிக்கு, விடிந்ததும் ஒருமுறை, அப்போது குட்டி வெளியே வந்ததும் தானாகவே சிறுநீரைக் கொட்டிவிடும். அதற்குப் பிறகு வேளை முடியும் ஒவ்வொரு மணிக்கும் அவள் ஓடினாள். கொட்டகைப் படிகள், இருநூறு தப்படி, குவார்ட்டர்ஸ் நடை, கூண்டின் தாழ்ப்பாள். குட்டியை நடக்கவிட்டால் நடையிலேயே ஒன்றுக்கு இருந்துவிடும் என்று மார்போடு அள்ளிக்கொண்டு வெளியே ஓடி, தண்ணீர்த் தொட்டி ஓரத்துப் புல்லில் இறக்கிவிடுவாள். மணியின் ரீங்காரம் சில சமயம் அடங்கக்கூட அடங்கியிருக்காது, டிப் உட்கார்ந்துவிடும். உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த கொழுப்பு. நாலே நாளில் குட்டிக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோல இருந்தது. பிரைடியின் டீ மட்டும் ஒவ்வொரு முறையும் ஆறிப்போனது.

சனி, ஞாயிறில் குழு கலைந்து டவுனுக்குப் போனபோது டிப் கொஞ்சம் படுத்தியது. மணிக்கணக்காக அடக்கி வைத்திருந்து, எதிர்பாராத இடத்தில் இருந்துவிட்டது. புது இடம், வண்டிப் பயணம், அதனால்தான் என்று பிரைடி நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஓடிப்போய்க் கூண்டைத் திறந்தபோது உள்ளே கம்பளித் துண்டு நனைந்து கிடந்தது. டிப் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. தான் படுக்கிற இடத்தை நாய் நனைக்காது என்பார்கள். அதை நம்பித்தானே உலகம் முழுக்கக் குட்டிகளைக் கூண்டில் வைத்துப் பழக்குகிறார்கள். பிரைடி துணியை அலசிப் போட்டாள். ஈரம் சில்லென்றிருந்தது, குளிர்காலம் வேறு. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நாற்றம் நடையெல்லாம் பரவிவிட்டதால் மறைக்கவும் வழியில்லை. சாயங்காலம் முதல் பெட்டி பீர் வந்தது.

கூண்டு பெரிதாக இருந்தால்தான் ஒரு பக்கம் படுத்து ஒரு பக்கம் நனைக்கும் என்றார்கள். புதன்கிழமை காலையில் அவள் ஒரு பலகையை வைத்துக் கூண்டைப் பாதியாக்கினாள். சாப்பாட்டு வேளையில் தண்ணீரைக் குறைத்தாள். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை கொட்டகையில் அவள் காதெல்லாம் குவார்ட்டர்ஸ் பக்கமே இருந்தது. இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கம்பளியை மேசைமேல் வீசியபோது அது விரியாமல் மூட்டையாக விழுந்தது. ஐந்து வருடத்தில் அப்படி விழுந்ததில்லை. கிளைவ் அதைப் பார்த்தார்.

மூன்று மணிக்குப் போனால் திரும்பவும் ஈரம்.

"குட்டிக்கு நல்லா தண்ணி காட்டு பொண்ணே," என்றான் வைரெமு, இரண்டாவது பெட்டியைத் திறந்தபடி. நியூசிலாந்திலிருந்து வந்து இந்தச் சமவெளியில் பத்தொன்பது வருடமாக ஆட்டு முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பவன். "எங்க தாகத்த தீர்க்க வந்த தேவதை அது."

எல்லாரும் சிரித்தார்கள். பிரைடியும் சிரித்தாள். பிறகு எழுந்துபோய்க் கூண்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். டிப் கம்பி வழியாக மூக்கை நீட்டி அவள் விரலை நக்கியது. அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கு இன்னும் ஒரு தடவை நனைந்தால் அவ்வளவுதான், கெம்ப் வீட்டுத் தொழுவத்தில் ஐந்தாவது நாய்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் வெட்டுகிறவர்கள் ஆறு பேரும் பட்டிக்குப் போய் ஆடுகளின் முதுகில் கையை விட்டுப் பார்த்தார்கள். ஈர ஆட்டின் கம்பளியை வெட்டினால் மூட்டுவலி வரும், உடம்பெல்லாம் கட்டி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெட்டுவதா வேண்டாமா என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தொப்பியில் போடுவார்கள். குழுவின் பிரதிநிதி ஆல்பி, சவ அடக்கத்துக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். ஈரம் ஐந்து, காய்ந்தது ஒன்று. வேலை இல்லை. மணி இல்லை.

வேலையில்லாத நாள் ஓய்வு என்று நினைப்பவர்கள் கம்பளிக் குழுவைப் பார்த்ததில்லை. தகரக் கூரையில் மழை கொட்ட, பத்துப் பேர் ஒரு கூடத்துக்குள் அடைந்து கிடந்தார்கள். சீட்டாடினார்கள், சீட்டைத் தூக்கிப் போட்டார்கள். ஒருவன் எழுந்து ஜன்னலுக்குப் போவான், அவன் வந்து உட்கார்ந்ததும் இன்னொருவன் போவான். வெர்னா தன் அடுப்பங்கரை வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு, யாரும் உள்ளே வந்து பானையைத் திறந்து பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

பிரைடிக்கு ஒரு விதத்தில் நிம்மதி. நாள் முழுக்கக் குட்டியோடு இருக்கலாம், கயிற்றில் பிடித்துக்கொண்டே இருக்கலாம், மூன்றாவது தடவை நடக்க வாய்ப்பே இல்லை. ஏழு மணிக்கு டிப் வெளியே போய்விட்டு வந்தது. எட்டு மணிக்கு அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தொட்டி ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். குட்டி புல்லை முகர்ந்தது, நின்றது, அவளை அண்ணாந்து பார்த்தது. அவ்வளவுதான். ஒன்பதுக்கு, பத்துக்கு, பதினொன்றுக்கும் அதே கதை. சுற்றிச் சுற்றி வந்தது, உட்காரப் போவதுபோலப் பின்காலை மடக்கியது, பிறகு எதையோ மறந்துவிட்டதுபோல நிமிர்ந்தது. மழைத்தண்ணீர் பிரைடியின் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. பன்னிரண்டு மணிக்குக் குட்டி முனக ஆரம்பித்தது. வயிறு கல்லாக இருந்தது.

கால்நடை டாக்டர் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தார். மண் சாலை மழைக்கு மூடிவிட்டது. கெம்பைக் கூப்பிடலாமா என்று வெர்னா கேட்டாள், அவருக்கு நாயைப் பற்றித் தெரியுமே என்று. வேண்டாம் என்று பிரைடி கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள். ஒன்றரை மணிக்குக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். எதிரே வைரெமு, ஒரு முழங்காலை விடாமல் ஆட்டியபடி.

"எனக்கும் அதே கதிதான் பொண்ணே. மழை நாள்ல வயிறு வேலை செய்யாது. பத்தொம்பது வருஷமா ஒம்பதரை மணி அடிச்சாதான் கக்கூஸ் போவேன். மணி அடிக்கலன்னா வயித்துக்குள்ள இருக்கிறவனுக்கு யாரும் சொல்றதில்ல பாரு."

சீட்டாடுகிறவர்கள் சிரித்தார்கள். பிரைடி சிரிக்கவில்லை. மடியில் இருந்த கனமான சூட்டை உணர்ந்தபடி வைரெமுவின் ஆடும் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி. வேளை முடியும்போது அடிக்கிற மணி மட்டும்தானே அவள் கணக்கில் இருந்தது. வேளை தொடங்கும்போதும் அதே மணிதான் அடிக்கிறது. ஏழரைக்கும் பத்துக்கும் மூன்றரைக்கும் குட்டி சற்று முன்தான் போய்விட்டு வந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் சாப்பாட்டு வேளை ஒரு மணி நேரம். பன்னிரண்டுக்குப் போய்விட்டு, தின்று, குடித்து, கூண்டுக்குள் போய்ப் படுத்தால், ஒன்றுக்கு மணி அடிக்கும்போது டிப் சொன்னபடி கேட்கிற நல்ல பிள்ளையாகத் தன் படுக்கையிலேயே உட்கார்ந்து நனைத்திருக்கிறது. வேளை முடியும் மணிக்கு அவள் ஓடிவரும் காலடி கேட்டு, அள்ளி எடுக்கும்வரை குட்டி பொறுத்துக்கொள்ளும், ஒன்றுக்கு ஓடிவர யாரும் இல்லை. மூன்றுக்கு அவள் தொட்ட ஈரம் அதனால்தான் அவ்வளவு சில்லென்று இருந்தது. அது இரண்டு மணி நேரத்து ஈரம். குட்டி ஒரு தப்பும் பண்ணவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தது.

அவள் எழுந்து கிளைவிடம் போய்ச் சொன்னாள். மணியை ஒருமுறை அடித்தால் போதும் என்றாள். கிளைவ் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஈரம்னு ஓட்டு விழுந்த அன்னிக்கு மணி அடிக்கணுமா? எங்க அப்பா காலத்துல ஒருத்தர் அப்படி அடிச்சார். குழு மொத்தமும் மூட்டையக் கட்டிருச்சு. மணி அடிச்சா வேலைன்னு அர்த்தம். நான் அடிக்க மாட்டேன் பிரைடி, நீ அழுதாலும் சரி."

"நான் அழல."

"அழுதாலும்னுதான் சொன்னேன்."

மணி அவர் சொத்து இல்லை என்று ஆல்பி குறுக்கிட்டார். ஓட்டுப் போட்டு நிறுத்திய மணியை ஓட்டுப் போட்டுத்தான் அடிக்க முடியும். விதிப் புத்தகத்தில் நாய் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் கூடாது என்றும் இல்லை. அவர் தொப்பியை எடுத்தார். சீட்டுத் தாள்கள் கிழிக்கப்பட்டன. காலையிலிருந்து வேலையில்லாமல் துடித்துக்கொண்டிருந்த கைகளுக்கு இது பெரிய வேலையாகப் போயிற்று. ஒருவன் மறைத்து எழுதுவதற்காக மூலைக்கே போனான். அடித்தால் வேலை தொடங்கியதாக ஆகாது என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றான் இன்னொருவன். அதற்கு ஐந்து நிமிடம் ஆனது. டிப் பிரைடியின் கைக்குள் நெளிந்தது. அவளுக்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியாமல் நின்றாள்.

"அடி," என்று ஆல்பி முதல் சீட்டைப் படித்தார். "அடி. வேண்டாம். அடி." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம். இதுல வெறும் நாய்ப் படம் போட்டிருக்கு. யாருடா அது? படம் செல்லாது."

"நாயே அடின்னுதான் சொல்லுது," என்றான் வைரெமு.

செல்லுமா செல்லாதா என்று பேச்சு தொடங்கியது. மூன்றுக்கு இரண்டு என்றாலும் பெரும்பான்மைதானே என்று வெர்னா அடுப்பங்கரையிலிருந்து கத்தினாள். ஆல்பி யோசித்து, ஆமாம் என்று தலையசைத்தார். பிரைடி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, குட்டியை இறக்கிவிட்டு, மழைக்கோட்டின் கைக்குள் ஒரு கையை நுழைத்தாள். மற்றக் கை உள்ளே போகவில்லை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. கதவு ஏற்கெனவே திறந்து ஆடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். வைரெமுவின் இடம் காலியாக இருந்தது.

மணி அடித்தது.

கூடத்தின் நட்டநடுவில், கிளைவின் நாற்காலிக்கு முன்னால், டிப் உட்கார்ந்தது. கூரையில் மழைச் சத்தம், தரையில் குட்டி விட்ட நீரின் சத்தம். அது நிற்கவே நிற்காதோ என்று தோன்றியது. குட்டியின் கண்கள் பாதி மூடியிருந்தன. முடிந்ததும் எழுந்து, உடம்பை உதறி, பிரைடியிடம் வந்து கொழுப்புத் துண்டுக்காக முகத்தை நிமிர்த்தியது.

அவள் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க அவளுக்கு என்ன நியாயம் இருந்தது?

"மூணு," என்றார் கிளைவ். மெதுவாகத்தான் சொன்னார்.

பிரைடி துடைப்பத்துணியைத் தேடிப் போனாள். துணி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் தேடினாள். அதற்குள் நனைந்த தலையோடு வைரெமு உள்ளே வந்து, மூச்சிரைக்க, போயிருச்சா என்று கேட்டான். தரையைப் பார்த்தான். எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"இரு கிளைவ்," என்றார் ஆல்பி. "குட்டி வெளிய போறதுக்குள்ள மணிய அடிக்கச் சொல்லி யாரும் ஓட்டுப் போடல. அடிச்சவன் அவசரப்பட்டுட்டான். அவசரப்பட்டு மணி அடிச்சு அதனால ஆடு கால்ல வெட்டு விழுந்தா யார் பொறுப்பு? ஆடா?"

"அடிச்சவன்," என்று இரண்டு மூன்று குரல்கள்.

"அப்ப மூணாவது பெட்டி வைரெமுவோடது. குட்டிக்கு ரெண்டுதான்," என்றார் ஆல்பி.

வைரெமு தலையில் கைவைத்துக்கொண்டான். கிளைவ் ஈரத்திலிருந்து தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டார். பீர் கணக்கு எப்படியோ போகட்டும், நாளைக்கு மழை நிற்கும், மணி எட்டுத் தடவை அடிக்கும் என்றார். நாளை மூன்று மணிக்குத் தானே வந்து கூண்டில் கைவைத்துப் பார்க்கப் போவதாகவும், அப்போது ஈரமிருந்தால் எந்த ஓட்டும் செல்லாது என்றும் சொன்னார்.

அன்று மீதி நேரமெல்லாம் பிரைடி மழையில் நின்றாள். இரண்டு வாரத்தில் கட்டியதை ஒரு சாயங்காலத்தில் பிரிக்க வேண்டும். குட்டி கொட்டகைப் பக்கம் பார்த்துக் காதை நிமிர்த்தும், மடிந்த காதைக்கூட. தானும் அந்தப் பக்கமே பார்ப்பது தெரிந்ததும் பிரைடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தன் குரலே இன்னொரு மணியாகிவிடும் என்று பயந்தாள். கை தட்டவில்லை, நாக்கைச் சொடுக்கவில்லை, காலை மாற்றி நிற்பதைக்கூட ஒரே மாதிரி செய்யாமல் பார்த்துக்கொண்டாள். இத்தனை நேரம் எங்கும் ஓடாமல் ஒரே இடத்தில் அவள் நின்றதாக அவளுக்கே ஞாபகமில்லை. உள்ளங்கால் அரித்தது. ஐந்தேகாலுக்கு, இருட்டுகிற நேரத்தில், டிப் சலித்துப்போய், யாரும் ஒன்றும் சொல்லாமலே, வேலியோரம் உட்கார்ந்து கொஞ்சம் விட்டது. மிகக் கொஞ்சம். பிரைடி மூச்சுவிடாமல் கொழுப்பை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. அவள் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. பன்னிரண்டு மணி அடித்ததும் ஓடிவந்து, குட்டியைக் கூண்டு வாசலிலேயே மடியில் அணைத்து, ஒலி அடங்கி, அதன் நடுக்கமும் அடங்கும்வரை இருந்து, அதன் பிறகே வெளியே கொண்டுபோனாள். பன்னிரண்டு ஐம்பத்தாறுக்கு இன்னொரு முறை, மணியில்லாமல். ஒன்றுக்கு மணி அடித்தபோது வெர்னா, காய் நறுக்கும் பலகையோடு கூண்டருகே வந்து உட்கார்ந்து குட்டிக்குக் காரட் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது பிரைடிக்குத் தெரியாது. அவள் கொட்டகையில் வெளுத்த உதட்டோடு கம்பளியை வாரிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கிளைவ் அவளுக்கு முன்னால் நடந்தார். குனிந்து, பெரிய கையைக் கூண்டுக்குள் விட்டு, துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காய்ந்திருந்த கையை முகர்ந்தார். எழுந்து நடை முனைவரை போனார். பிரைடி குட்டியை அணைத்தபடி அசையாமல் நின்றாள். அவர் திரும்பினார்.

"திங்கக்கிழமை போற பண்ணைல மணி கிடையாது," என்றார். "வண்டி ஹாரன்தான் அடிப்பேன். அத இப்பவே யோசிச்சு வச்சுக்கோ."